முப்பது யூரோ

கோல்ன் நகர நீதிமன்றத்தில்
முப்பது யூரோ கட்டினானாம்.
அடையாள அட்டையைப் பார்த்தார்களாம்.
ஒரு கையெழுத்து.
"பத்து நிமிசம்கூட ஆகேல்லை, அம்மா."

நான் இடியப்ப உரலோடு நின்றேன்.
ஃபோன் ஸ்பீக்கரில், தேங்காய்ப்பூவுக்குப் பக்கத்தில்.
"வரி மிச்சம் பிடிக்கவோ?"
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான் எமில்.
"வரிக்கு மட்டும் இல்லை."
பொய் சொல்லத் தெரியாமல் வளர்த்தது
நான்தான்.

முப்பது.
அந்த எண் காதில் விழுந்ததும்
எனக்குள் வெள்ளிக்காசுகள் குலுங்கின.
பெற்ற பிள்ளையை அப்படி நினைத்ததற்கு
அந்தச் சனிக்கிழமையே
பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன்.
களைத்த சாமியார்.
இந்தப் பங்கில் மட்டும்
இந்த வருடம் அறுபது பேர் என்றார்.
ஞானஸ்நானப் பதிவேட்டில்
எமிலியானுஸ் என்ற என் அப்பாவின் பெயருக்கு,
அதாவது இவன் பெயருக்கு அருகே
சின்னதாக ஒரு குறிப்பு எழுதுவார்களாம்.
பெயரை வெட்டமாட்டார்களாம்.
"ஊற்றிய தண்ணீரைத் திரும்ப எடுக்க
எங்களுக்குத் தெரியாது, அம்மா."
கிறேபெல்ட் பஸ் தரிப்பில் அந்த வசனத்தோடு நின்றேன்.
இரண்டு பஸ் போய்விட்டது.

ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில்
விடிய ஐந்து மணிக்கு வேலை எனக்கு.
விரிப்புகள் சுழலும் நேரம் செபமாலை நேரம்.
அவனை நினைத்து முதல் மணியைத் தொடுவேன்.
மூன்றாம் மணிக்குள்
காருக்குக் குளிர்கால ரயர் மாற்றினானோ,
கோபித்துப் போன அந்தப் பெண் லேனா திரும்பி வந்தாளோ,
கடைவாய்ப் பல்லைக் காட்டினானோ...
விசுவாசம் கேட்கத் தொடங்கிய செபம்
பல்லில் வந்து நிற்கும்.
மாதா பொறுத்துக்கொள்வாள்.
பிள்ளையைக் காணாமல் மூன்று நாள் தேடியவள்தானே அவளும்.
அவள் பிள்ளை கோயிலில் இருந்தான்.
என் பிள்ளை
கோயிலைத் தவிர எல்லா இடத்திலும் இருக்கிறான்.

அந்தோனியாருக்கு நேர்ந்து வை,
தொலைந்ததை மீட்டுத் தருவார் என்கிறாள் பிலோமினா அக்கா.
அவரிடம் சாவி கேட்டிருக்கிறேன்.
ஒருமுறை விசாக் கடிதம்.
இவனைக் கேட்கக் கூச்சமாக இருக்கிறது.
இவன் தொலையவில்லையே.
எஹ்ரன்ஃபெல்ட், மூன்றாம் மாடி,
அழைப்பு மணியில் இரண்டு பெயர்.
அழுத்தினால் திறக்கிறான்.
"சாப்பிட்டியளோ" என்று கேட்கிறான்.

ஓகஸ்டில் கேவலார்.
வருடா வருடம் நம் ஆட்கள் கூடும் திருநாள்.
இம்முறை என் முழங்கால் பஸ்ஸுக்குச் சம்மதிக்கவில்லை.
"நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றான்.
உள்ளே வா என்று நான் கேட்கவில்லை.
பூசை முழுக்க வெளியே,
யாரோ ஒருத்தியின் குழந்தைவண்டியை
ஆட்டிக்கொண்டு நின்றானாம்.

மெழுகுதிரி ஏற்றும் இடத்தில் ஒரே காற்று.
மூன்று தீக்குச்சிகள் போயிற்று.
நான்காவதற்கு
எங்கிருந்தோ வந்து
இரண்டு கைகளையும் குவித்தான்.
கும்பிட அல்ல,
காற்றை மறைக்க.
திரி பற்றும்வரை அப்படியே நின்றான்.
"யாருக்கு?"
"உனக்குத்தான்."
"தெரியும்" என்றான்.
கையை எடுக்கவில்லை.

ஆண்டவரே,
கூப்பிய கைக்கும் குவித்த கைக்கும்
உம்முடைய கணக்கில் எவ்வளவு தூரம் என்று
எனக்குத் தெரியாது.
ஆனாலும் நான் கேட்பதை விடப்போவதில்லை.
அதையும் இப்போதே சொல்லிவைக்கிறேன்.

திரும்பும் வழியில் பொம்மஸ் வாங்கித் தந்தான்.
உப்புக் கூடிப்போயிருந்தது.
பிறகு தூங்கிவிட்டேன்.
பெட்ரோல் நிலையத்தில் கண் விழித்தபோது
செபமாலை மடியில் இல்லை.
கண்ணாடிக்கு வெளியே
எனக்கு முதுகு காட்டி நின்று
பெட்ரோல் அடித்துக்கொண்டிருந்தான்.
கீழே விழுந்ததை எடுத்திருக்கிறான்.
சிக்கெடுத்து,
கியருக்குப் பக்கத்துக் குழியில்
பார்க்கிங் சில்லறைகளுக்கு மேலே
சுருட்டி வைத்திருக்கிறான்.

மணிகளை எண்ணினேன்.
சரியாக இருந்தது.

சில்லறையை எண்ணவில்லை.